ஸ்டியரிங் கனக்கிறது என்று டிரைவர் சொன்னால்...



நாம் ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினாலும் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, எடை சரிபார்த்த பிறகுதான் கல்லாவில் கை வைக்கிறோம். ஆனால் இருபது இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய லாரியை சர்வீஸுக்கு விடும்போது, அங்கே நீட்டுகிற காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அந்தத் தவறைச் செய்தவர்களில் நாங்களும் உண்டு. அதனால் பட்ட சிரமத்தையும், பிறகு கற்றுக்கொண்டதையும் உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். இன்று மளிகைக் கடைக்காரரும் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கிற காலம். ஆகவே இது எல்லோருக்கும் பயன்படும்.

எங்களுக்கு நேர்ந்தது

விருதுநகரில் பருப்பு, மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். நெடுங்காலம் வாடகை லாரியிலேயே சரக்கு அனுப்பி வந்தோம். 2022-இல் கடன் போட்டு சொந்தமாக ஆறு சக்கர லாரி ஒன்று வாங்கினோம். ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் புனலூர் வரை வாரம் இரண்டு நடை போகும்.

ஏழெட்டு மாதம் சென்றிருக்கும். எங்கள் டிரைவர் ஒரு நாள் வந்து, "அண்ணாச்சி, இடது பக்கம் ஒடிச்சா ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. மெதுவாப் போகும்போது ரெண்டு கையும் பத்தலை" என்றார். "லோடு இருந்தா கனக்கத்தானப்பா செய்யும், டயர்ல காத்து பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அடுத்த வாரமும் சொன்னார். அதற்கும் அடுத்த வாரம் சொன்னபோது, புது வண்டியைக் குறை சொல்கிறாரே என்று எங்களுக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது.

ஒரு மாதம் கழித்து, புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறும் வளைவு ஒன்றில், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்க இடது பக்கம் ஒடித்தபோது ஸ்டியரிங் முழுதாகத் திரும்பவில்லை. டிரைவர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டார். இரண்டு வண்டிக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருந்ததாம். கிளீனர் பையன் வந்து இதைச் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்று ஏதாவது நடந்திருந்தால் எந்தப் பேரேட்டில் அந்தக் கணக்கை எழுதித் தீர்த்திருக்க முடியும்?

உடனே டீலரிடம் வண்டியை விட்டோம். முதல் தடவை ஸ்டியரிங் ஆயிலை ஊற்றி நிரப்பி அனுப்பினார்கள். பத்து நாளில் பழைய கதை. இரண்டாம் தடவை வீல் அலைன்மெண்ட் செய்து அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை சர்வீஸ் அதிகாரி, "சார், வண்டியில குறை இல்லை. உங்க டிரைவர் ஓட்டுற விதம்தான்" என்று முடித்துவிட்டார். நாங்கள் சத்தம் போட்டோம். ஒரு பயனும் இல்லை. முந்தைய இரண்டு ஜாப் கார்டுகளையும் எடுத்துப் பார்த்தபோது எங்கள் வாய் அடைத்துப் போயிற்று. இரண்டிலும் குறை என்ற இடத்தில் "பொதுச் சோதனை" என்று மட்டுமே எழுதியிருந்தது. கீழே எங்கள் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து. காகிதத்தின்படி எங்கள் வண்டியில் ஸ்டியரிங் கோளாறு என்று யாரும் புகார் சொல்லவே இல்லை!

பவர் ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது?

நம் பஜாரில் ஐம்பது வருடமாக லாரி வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் போய் முறையிட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு பக்கமும் கனக்குதா, ஒரு பக்கம் மட்டுமா?" என்பதுதான். இடது பக்கம் மட்டும் என்றோம். "அப்படின்னா பம்பைக் குறை சொல்லாதீங்க அண்ணாச்சி. பம்பு ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதானே" என்றார். அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

லாரியில் உள்ள பவர் ஸ்டியரிங்கிற்கு முக்கியமாக நான்கு உறுப்புகள். ஒன்று, ஆயில் நிற்கும் டப்பா. இதற்குள் ஒரு ஃபில்டர் இருக்கும். இரண்டு, இஞ்சின் ஓட்டத்தில் சுற்றும் பம்பு. மூன்று, ஆயிலைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் ஹோஸ்கள். நான்கு, ஸ்டியரிங் பெட்டி. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பும் திசையைப் பார்த்து, பெட்டிக்குள் இருக்கும் வால்வு, ஆயிலைப் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கோ மறு பக்கத்துக்கோ அனுப்பும். அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். டிரைவரின் கைக்குப் பாரம் குறையும்.

இதிலிருந்து நாமே சிலவற்றை ஊகிக்கலாம்.

இரண்டு பக்கமும் கனத்தால் ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, பம்பு தளர்ச்சி, பெல்ட்டில் ஓடும் பம்பாக இருந்தால் பெல்ட் தொய்வு என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் பெரும்பாலும் கோளாறு பெட்டிக்குள்தான். வால்விலோ, பிஸ்டன் சீலிலோ கசிவு இருக்கும். திருப்பும்போது "ங்ஙீ" என்று முனகல் கேட்டு, டப்பாவில் ஆயில் நுரைத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் அது சூடேறிக் கெட்டுவிட்டது. அடிக்கடி ஆயில் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. மேலே ஊற்றி நிரப்புவது மருந்தாகாது.

நம் பக்கத்துக் குறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன் டயரில் காற்று குறைவு, அளவுக்கு மீறிய லோடு, கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்காமை, கண்ட ஆயிலைக் கலந்து ஊற்றுவது ஆகிய எல்லாமே ஸ்டியரிங்கைக் கனக்கச் செய்யும். இவை இருந்தால் டீலர் இவற்றைக் காட்டியே வாரண்டியை மறுத்துவிடுவார். ஒரு எளிய சோதனை உண்டு. முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். அப்போதும் ஓரிடத்தில் பிடித்தால் கிங் பின், பால் ஜாயிண்ட் போன்ற இடங்களில் கோளாறு. பிடிப்பில்லாமல் சீராகச் சுற்றினால் ஆயில் பக்கத்துக் கோளாறு.

இன்னொன்றையும் டிரைவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், ஸ்டியரிங் பலமடங்கு கனத்துவிடும். ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். நாலு ரூபாய் டீசலுக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. அதேபோல ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து வைத்துக்கொண்டே நெடுநேரம் நிற்பதும் கூடாது. ஆயில் சூடேறி பம்பு கெடும்.

டீலரிடம் போகும்போது செய்ய வேண்டியவை

நான்காம் தடவை நாங்கள் வேறு விதமாகப் போனோம். காரியம் நடந்தது. என்ன செய்தோம் என்பதை வரிசையாகத் தருகிறோம்.

1. டிரைவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கோளாறு தெரிவது அவர் கைக்குத்தான். நாம் போய், "ஸ்டியரிங் சரியில்லை" என்றால் அதில் எதையும் பிடிக்க முடியாது. "10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, லோடுடன், இடது பக்கம் திரும்பும்போது மட்டும், இஞ்சின் சூடான பிறகு கனக்கிறது" என்று டிரைவர் சொன்னால் மெக்கானிக்கு வேலை பாதி முடிந்தது.

2. அந்த வார்த்தைகள் அப்படியே ஜாப் கார்டில் ஏற வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது தடவை வருகிறோம் என்பதும் வேண்டும். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறார்கள். படித்துப் பார்த்து, விட்டுப்போனதைப் பேனாவால் எழுதச் சொல்லிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். நகல் ஒன்று கையோடு வர வேண்டும்.

3. லோடுடன் ஓட்டிக் காட்ட வேண்டும். நாங்கள் மூன்று தடவையும் காலி வண்டியை விட்டிருந்தோம். காலி வண்டியில் அந்தக் கோளாறு தெரியவே தெரியாது. டீலர் ஆள் குறையில்லை என்று சொன்னது ஒரு வகையில் நியாயம்தான். நான்காம் தடவை அனுமதித்த எடைக்குள் பருப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போய், எடைச்சீட்டையும் காட்டி, சர்வீஸ் அதிகாரியையே ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னோம். முதல் இடது திருப்பத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது. "ஆமா சார், இருக்கு" என்றார்.

4. அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பம்புக்கும் பெட்டிக்கும் நடுவே பிரஷர் கேஜும், அடைக்கும் வால்வும் வைத்துச் சோதிக்கும் முறை உண்டு. வால்வைச் சில விநாடி மட்டும் மூடினால், பம்பு எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்பது தெரியும். அது சரியாக இருந்து, பெட்டி வழியாகப் போகும்போது ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் குறைந்தால் குற்றவாளி பெட்டிதான். எங்கள் வண்டியில் அப்படித்தான் தெரிந்தது. அந்த அளவுகளை ஜாப் கார்டில் எழுதி வாங்கினோம். தராசு காட்டிய எடைக்கு மறுபேச்சு உண்டா?

5. வாரண்டிப் புத்தகத்தைப் படித்து வைத்திருக்க வேண்டும். வண்டி விற்கும்போது சொல்லும் வருடக் கணக்கு ஒன்று, புத்தகத்தில் பாகம்வாரியாக எழுதியிருப்பது ஒன்று. இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் உள்ள காலம் மற்றப் பாகங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஹோஸ், ஃபில்டர், ஆயில் போன்ற தேய்மானச் சாமான்களுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. ஸ்டியரிங் பெட்டி எந்தத் தலைப்பில் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் சர்வீஸ் செய்த ரசீதுகளும் கையில் இருக்க வேண்டும்.

6. டீலர் தயங்கினால் மேலே போக வேண்டும். ஸ்டியரிங் பெட்டியைப் பெரும்பாலும் வேறொரு பாகக் கம்பெனி செய்து லாரிக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. மாற்றுவதற்குக் கம்பெனியின் ஒப்புதல் வந்தால்தான் டீலருக்கு அந்தப் பணம் கிடைக்கும். அவர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே லாரிக் கம்பெனியின் கட்டணமில்லாப் போனில் புகார் செய்து புகார் எண் வாங்க வேண்டும். ஏரியா சர்வீஸ் மேனேஜருக்கு ஜாப் கார்டு நகல்களுடன் கடிதம் எழுத வேண்டும். நமக்குப் பழக்கமான பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டுடன் சேர்க்கப்பட்டுவிட்டது. அதில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும். கடிதத்தில் கோபம் வேண்டாம். தேதி, கிலோமீட்டர், சொன்ன குறை, அவர்கள் செய்த வேலை, மறுபடி குறை வந்த நாள் ஆகிய ஐந்தும் இருந்தால் அதுவே பேசும்.

7. வண்டியை எடுக்கும்போதும் லோடுடன் ஓட்டிப் பார்த்த பிறகே "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வாரண்டியில் செய்த வேலைக்கும், கட்டணம் இல்லை என்று குறித்த பில் வாங்க வேண்டும். புதுப் பெட்டியின் எண் அதில் இருக்கட்டும்.

எங்களுக்குப் பெட்டியை மாற்றித் தந்தார்கள். வண்டி ஒன்பது நாள் நின்றது. முன்பு வாங்கிய அலைன்மெண்ட் கூலியையும் வரவு வைத்தார்கள். அந்த ஒன்பது நாளும் வாடகை லாரிக்குக் கொடுத்த பணம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று வாரண்டிப் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தார்கள். ஆயினும் வாடகை ரசீதுகளைச் சேர்த்து வைப்பது நல்லது. வழக்கு என்று வந்தால் அவைதான் ஆதாரம்.

வழக்கு என்று போக நேர்ந்தால்

1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உண்டு. கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். 5 இலட்சம் வரை கட்டணம் கிடையாது. 20 இலட்சத்துக்கு மேல் 50 இலட்சம் வரை 1,000 ரூபாய். டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்பது இந்தப் புதிய சட்டம் தந்த வசதி. குறை தோன்றி 2 ஆண்டுக்குள் மனு செய்துவிட வேண்டும். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப நேரும் வழக்குகள் 5 மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் நாள் ஆவதுண்டு.

ஆனால் வணிகர்களாகிய நமக்கு இதில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வியாபார நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் என்ற உரிமை கிடையாது. சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்தின் மீது லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உதாரணம் காட்டியே சொன்னது. ஆகவே சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டிக் கடைக்குச் சரக்கு ஏற்றும் சிறு வணிகருக்கு வாதம் வலுவாக இருக்கும். எங்களைப் போலச் சம்பள டிரைவர் வைத்து மொத்த வியாபாரத்துக்கு ஓட்டுகிறவர்களை நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு கட்டாயம் ஆட்சேபிக்கும். அப்படியானால் சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன்படி சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். மனு எழுதுவதற்கு முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நலம்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே மாதிரி வண்டிகள் பலவற்றில், உயிருக்கு ஆபத்தான ஒரே குறை இருப்பதாகப் புகார் வந்தால், கம்பெனி அவற்றைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி மத்திய அரசு உத்தரவிடலாம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு சேர்க்கப்பட்டது. ஆகவே உங்கள் வண்டியில் குறை கண்டால், அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரும் தன் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

இப்போது எங்கள் லாரியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு நடை முடிந்ததும் தேதி, கிலோமீட்டர், வண்டியில் கண்ட குறை ஆகியவற்றை டிரைவரே எழுதுவார். சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது அதையும் பேரேட்டோடு சேர்த்துப் படித்துக் கையெழுத்துப் போடுகிறோம். நோட்டை அவர் கையில் கொடுத்த அன்று, "தம்பி, முதல்லயே உன் பேச்சைக் கேட்டிருக்கணும்" என்று சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சென்ற மாதம் அதில் "கிளட்ச் லேசாக வழுக்குகிறது" என்று ஒரு வரி இருந்தது. திங்கட்கிழமை காலையில் லோடு ஏற்றாமல் வண்டியை நேரே சர்வீஸுக்கு அனுப்பினோம்.